அலசின வலையை மறுபடி இறக்கச் சொன்னால்

கேள்வி: ஸ்தோத்திரம் சாமி. மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் இடையில் ஒரு கடற்கரைப் பங்கில் 14 வருடமாக மறைக்கல்வி நடத்துகிறேன். என் கணவர் விசைப்படகில் போகிறவர். எங்கள் ஊரில் பக்திக்குக் குறைவில்லை. கொடியேற்றம், நவநாள், சப்பரம் என்று திருவிழாவில் ஊரே திரளும். ஆனால் பக்தி இருக்கிற அளவுக்கு முதிர்ச்சி இல்லை. போன தவக்காலத்தில் மூன்று நாள் தியானம் வைத்தோம், கோவிலே அழுதது. அப்படி அழுதவர்களில் இரண்டு பேர் அடுத்த வாரமே ஏலக்கூடத்தில் அடித்துக்கொண்டார்கள். வலை கிழிந்த தகராறில் இரண்டு குடும்பங்கள் 8 வருடமாகப் பேசுவதில்லை, ஆனால் இரண்டும் பூசையில் ஒரே வரிசையில் நின்று நன்மை (நற்கருணை) வாங்குகின்றன. இரண்டு வருடத்துக்கு முன் 22 பிள்ளைகள் உறுதிபூசுதல் (திருமுழுக்கில் பெற்ற விசுவாசத்தை உறுதிப்படுத்தும் அருட்சாதனம்) வாங்கினார்கள். இப்போது கோவில் பக்கம் ஒழுங்காக வருவது 3 பேர். சில குடும்பங்கள் பக்கத்தில் இருக்கிற வேறு சபையின் ஜெபவீட்டுக்குப் போகின்றன. குடியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வகுப்பு, பாடல் குழு, பூ அலங்காரம் எல்லாம் நானே பார்க்கிறேன், மறைக்கல்வி அறைச் சாவிகூட இத்தனை வருடமாக என் இடுப்பில்தான் இருக்கிறது. தியானத்தை ஏழு நாளாக்கலாமா? பெரியவர்களுக்கும் விவிலியத் தேர்வு வைக்கலாமா? நல்ல பாடத்திட்டம் இருந்தால் சொல்லுங்கள்.

பதில்: டீச்சர், ஏழு நாள் தியானம் வேண்டாம். மூன்று நாளில் அழுதவர்கள் ஏழு நாள் வைத்தால் இன்னும் கொஞ்சம் அழுவார்கள், அவ்வளவுதான். இதை ஒரு குற்றவாளியாகச் சொல்கிறேன். தியானப் பிரசங்கம் செய்து செய்து பழகியவன் நான். எங்கே குரலைத் தாழ்த்தினால் பெண்கள் பக்கம் கண் கலங்கும், எங்கே கீபோர்டுக்காரர் மெல்லத் தொடங்க வேண்டும் என்பதெல்லாம் எங்களுக்குக் கைப்பழக்கம். அந்த அழுகை பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஏலக்கூடத்தில் எடை குறைத்துச் சொல்கிறவனிடம் எப்படிப் பேசுவது, முன்பணம் வாங்கிவிட்டு வேறு படகுக்கு மாறின ஆளை என்ன செய்வது என்று அந்த மூன்று நாளில் நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லையே. பேசாத இடத்தில்தான் அடிதடி வந்தது.

விவிலியத் தேர்வும் வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதிர்ச்சி என்ற சொல்லை நீங்கள் எழுதியிருப்பதால் எபிரேயர் திருமுகம் ஐந்தாம் அதிகாரத்தின் கடைசி வசனங்களை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பால், கெட்டியான உணவு என்ற பேச்சு எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னால் ஒரு வரி இருக்கிறது: இத்தனை காலத்துக்குள் நீங்களே போதிக்கிறவர்கள் ஆகியிருக்க வேண்டுமே என்று ஆசிரியர் கடிந்துகொள்கிறார். நன்றாகக் கேட்கிறவர்கள் ஆனீர்களா என்று அவர் கேட்கவில்லை. இன்னொருவருக்கு ஊட்டத் தெரியாதவன் எத்தனை வயதானாலும் பால் குடிக்கிற பிள்ளைதான் என்பது அவர் கணக்கு. இந்தக் கணக்கை வைத்து உங்கள் பங்கைப் பார்த்தால், 14 வருடத்தில் நிச்சயமாக வளர்ந்தவர் ஒரே ஒருவர், நீங்கள். மற்ற எல்லோருக்கும் நாமே ஊட்டிக்கொண்டிருக்கிறோம். பங்குத்தந்தை பாதி, நீங்கள் பாதி.

இனி ஒவ்வொன்றாக வருகிறேன், வரிசைப்படி இருக்காது.

ஆண்கள் ஞாயிறு பூசைக்கு வருவதில்லை என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் இந்தக் கரையிலிருந்து வருகிற கடிதங்களில் அந்தக் குறை இல்லாத கடிதம் அபூர்வம், அதனால் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று போகின்றன, நாட்டுப்படகுகளுக்கு மற்ற நாட்கள். சனிக்கிழமை போனவன் ஞாயிறு காலை கரை சேர்ந்து, மீனை இறக்கி, எடை போட்டு, வலையைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து விழுகிற நேரத்தில் நீங்கள் இரண்டாம் மணி அடிக்கிறீர்கள். அவன் தூக்கத்தை விசுவாசக் குறைவு என்று எழுதிக்கொள்ளாதீர்கள். அன்பியக் கூட்டத்தை (பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து செபிக்கிற சிறு குழுவை) வெள்ளி சாயங்காலத்துக்கு மாற்றிப் பாருங்கள், விசைப்படகு ஆட்கள் கரையில் இருப்பார்கள். கடல் பாசி எடுக்கப் போகிற பெண்களுக்குக் கடல் வற்றம்தான் காலண்டர், அவர்களைக் கேட்டு நேரம் வையுங்கள்.

இதைவிடப் பெரிய காலண்டர் ஒன்று நம் கையில் இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஈஸ்டரிலிருந்து ஐம்பதாம் நாள் வருகிற தூய ஆவிப் பெருவிழா எந்த ஆண்டும் மே 10க்கு முன்னாலும் வராது, ஜூன் 13க்குப் பின்னாலும் வராது. ஆக, அந்தத் திருநாள் வருகிறபோதெல்லாம் விசைப்படகுகள் கரையில்தான் கட்டியிருக்கும். பழைய திருச்சபையில் ஈஸ்டர் இரவில் திருமுழுக்குப் பெற்றவர்களை அதற்குப் பிந்தைய நாட்களில் கூட்டிவைத்து, நீ பெற்றுக்கொண்டது என்ன தெரியுமா என்று நிதானமாகச் சொல்லிக்கொடுப்பார்கள். மற்ற ஊர்ச் சாமிமார் அந்த நாட்களில் ஆள் கிடைக்காமல் திண்டாடுகிறார்கள். நமக்கு அரசாங்கமே ஆட்களைக் கரையில் நிறுத்தித் தருகிறது. அதற்காக 61 நாளும் வகுப்பு எடுக்கக் கிளம்பிவிடாதீர்கள். படகை மேலேற்றிப் பழுது பார்ப்பார்கள், சிலர் கேரளப் பக்கம் வேலைக்குப் போய்விடுவார்கள், கையில் காசு இருக்காது, வீட்டில் சண்டை கூடும். அந்தச் சண்டையும் சேர்ந்துதான் பாடம். வர்ணம் அடிக்கிற படகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் நற்செய்தி வாசிக்கலாம். கோவிலுக்குள் வாய் திறக்காத ஆட்கள் படகு நிழலில் பேசுவார்கள்.

தேர்வு வேண்டாம் என்றேன் அல்லவா? நான் பங்கில் இருந்தபோது விவிலிய வினாடி வினாவை வருடாவருடம் பிரமாதமாக நடத்தினேன். கேடயம், பரிசு, மறைமாவட்ட அளவில் பெயர். எங்கள் அணியில் ஒரு பையன் இருந்தான். நோவாவின் பேழை நீளம் என்று கேட்டு முடிப்பதற்குள் முந்நூறு முழம் என்பான். அவன் அப்பா ஒருமுறை எல்லை தாண்டினதாகப் பிடிபட்டு அக்கரையில், இலங்கைச் சிறையில் இருந்தார், படகும் போயிற்று. சில வருடம் கழித்து அந்தப் பையன் என்னிடம் வந்து சொன்னான்: "சாமி, அப்பா உள்ள இருந்தப்ப ராத்திரி முழங்கால் போட்டு உக்காந்தேன். என்ன சொல்றதுன்னே தெரியல. கோவம் கோவமா வந்துச்சு. சாமிகிட்டக் கோவப்படக் கூடாதுன்னு எந்திருச்சிட்டேன்." திருப்பாடல்கள் 150 என்று அவனுக்குத் தெரியும். அதில் 13ஆம் பாடல் எத்தனை நாள் ஆண்டவரே, எத்தனை நாள் என்று சண்டை போடுகிறது என்பதும், 88ஆம் பாடல் ஒரு ஆறுதல்கூட இல்லாமல் இருளிலேயே முடிகிறது என்பதும் தெரியாது. அதை நான் சொல்லித்தரவில்லை. கேள்வித்தாளில் வருகிற மாதிரி அதில் ஒன்றும் இல்லையே.

உங்கள் வகுப்பில் இந்த இரண்டையும் பிள்ளைகளை மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள். கப்பலேறிக் கடலில் தொழில் செய்கிறவர்களைப் பற்றி 107ஆம் பாடலில் வருகிற பகுதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் நாக்கில் அவை இருந்தால் வேண்டிய இரவில் தானே வரும். பாடத்திட்டம் கேட்டீர்கள், இதுதான் என் பாடத்திட்டம்.

உறுதிபூசுதல் பிள்ளைகளுக்கு வருகிறேன். 22 பேரில் 19 பேர் போனதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. பத்தாம் வகுப்பு முடித்தவன் மறுபடி பத்தாம் வகுப்பில் வந்து உட்கார மாட்டான். ஒரு வருடம் வகுப்பு, ஒரு தேர்வு, ஆயர் வந்தார், புதுச் சட்டை, பிரியாணி, முடிந்தது. அதற்குப் பிறகு அவனுக்கு இங்கே வேலை இல்லை. வேலை இல்லாத இடத்தில் இளவட்டம் நிற்காது.

புனித சவேரியார் 1542 அக்டோபரில் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது, அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே ஆயிரக்கணக்கில் திருமுழுக்குப் பெற்ற சனம் இருந்தது. சொல்லித்தர ஆளில்லை. தமிழும் தெரியாத மனிதர், இரண்டு மொழியும் அறிந்தவர்களை உட்காரவைத்து மந்திரங்களை (அன்றாடச் செபங்களை) மொழிபெயர்த்து, மணி அடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் பிள்ளைகளைக் கூட்டினார் என்று நாம் பிரசங்கத்தில் சொல்லுவோம். அடுத்து அவர் செய்ததைச் சொல்வதில்லை. நோயாளிகள் வீட்டிலிருந்து வந்த அழைப்புகளுக்கெல்லாம் அவரால் போக முடியவில்லை. மந்திரம் கற்ற பிள்ளைகளையே அனுப்பினார். அவர்கள் போய் அந்த வீட்டாரையும் அண்டை அயலாரையும் கூட்டி விசுவாசப் பிரமாணம் சொல்லி நோயாளிக்காக வேண்டினார்கள். வீட்டில் அப்பா அம்மாவுக்குக் கற்பிக்கிற பொறுப்பும் அந்தப் பிள்ளைகளுக்கே. அவர் ஒரு ஊரில் எத்தனை நாள் தங்கியிருப்பார்? கிளம்பும்போது மந்திரங்களின் பிரதி ஒன்றையும், நடத்த ஒரு ஆளையும் விட்டுப் போனார். கணக்கப்பிள்ளை என்று அந்த ஆளுக்குப் பெயர், பிற்கால உபதேசியாருக்கு முன்னோடி. இந்தக் கரையின் விசுவாசம் சாமியார் இல்லாத நாட்களில் வளர்ந்த விசுவாசம்.

ஓரியூர்க் கதையும் அப்படித்தான். மறவர் நாட்டுத் தலைவர் தடியத்தேவர் நோயில் கிடந்தபோது, புனித அருளானந்தரே (ஜான் டி பிரிட்டோ) முதலில் போய்விடவில்லை. ஒரு உபதேசியார் போய் நற்செய்தி வாசித்து வேண்டினார். அதில் தொடங்கினதுதான் 1693 பிப்ரவரி 4இல் ஓரியூரில் அருளானந்தரின் தலையை வெட்டின வாளில் முடிந்தது. (திருமுழுக்குக்காகத் தடியத்தேவர் விலக்கிவைத்த மனைவிமார் பிறகு என்ன ஆனார்கள் என்று எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை. அது வேறு பேச்சு.) வருடாவருடம் பஸ் பிடித்துப் போய்ச் செம்மண் அள்ளி வருகிறோம். உங்கள் ஊரில் படுக்கையில் கிடக்கிற பாட்டிமார் எத்தனை பேர்? ஒரு பிள்ளைக்கு ஒரு பாட்டி என்று கொடுங்கள். வாரம் ஒருமுறை போய் நற்செய்தி வாசித்துக் காட்டிவிட்டு, கண் மருந்து விட்டுவிட்டு வரட்டும். அடுத்த உறுதிபூசுதல் குழுவில் வகுப்புகளைப் பாதியாகக் குறைத்து, மீதி நேரத்துக்கு இதை வையுங்கள். அந்தப் பாட்டி செத்தால் அந்தப் பிள்ளை முன்னால் நின்று செபமாலை சொல்லட்டும்.

இப்போது அன்பியம். உங்கள் கடிதத்தில் அந்தச் சொல்லே இல்லை, அதனால் உங்கள் ஊரில் அது பேருக்குத்தான் இருக்கிறது என்று ஊகிக்கிறேன். செபமாலை, பாட்டு, டீ, அடுத்த மாதக் காணிக்கை, கலைந்துபோவது. ஒரு அன்பியத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். லூக்கா ஐந்தாம் அதிகாரம், பேதுரு படகு. வாசித்தவர் பாசி எடுக்கிற ஒரு அக்கா. பாறையில் கிழிபடாமல் இருக்க விரல்களில் சுற்றின துணியை அவர் இன்னும் அவிழ்த்திருக்கவில்லை, ஈரமாகவே இருந்தது. அந்தத் துணி விரலை எழுத்துக்கு எழுத்து நகர்த்தி, எழுத்துக்கூட்டி வாசித்தார். முடிக்கப் பத்து நிமிடம் ஆனது. எனக்குக் கை பரபரத்தது, வாங்கி நாமே வாசித்துவிடலாமே என்று. முடித்துவிட்டு அவர் கேட்டார்:

"சாமி, இவுக வலைய அலசிக்கிட்டு இருந்தாகன்னு போட்டிருக்குல்ல. அலசி முடிச்ச வலைய மறுபடி இறக்கச் சொன்னா எம்புட்டுக் கோவம் வரும்? திரும்ப யாரு அலசுறது?"

குருமடத்தில் அந்தப் பகுதிக்குக் கிரேக்கம் வரை பார்த்தவன் நான். இரவெல்லாம் உழைத்தும் ஒன்றும் கிடைக்கவில்லை என்ற வரியில் சோர்வைப் பார்த்திருக்கிறேன், விசுவாசத்தைப் பார்த்திருக்கிறேன். வலையை மறுபடி அலசுகிற வேலையை ஒரு நாளும் பார்த்ததில்லை. விளக்கம் சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். என் வாழ்நாளில் நான் செய்த நல்ல பிரசங்கம் அதுவாகத்தான் இருக்கும். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு மூலையிலிருந்து ஒரு பெண், "நாத்தனா வீட்டுக்கு மூணு தடவ போயிட்டேன், கதவத் தொறக்கல. நாலாந்தடவ போறதுன்னா அதுதானே" என்றாள். போனாளா என்று நான் பிறகு கேட்கவில்லை.

எபிரேயர் திருமுகம் கெட்டியான உணவு என்று சொல்வது இதைத்தான் என்று நினைக்கிறேன். நன்மை தீமையைப் பகுத்துப் பார்க்கப் பழகின புலன் உள்ளவர்களுக்கு உரியது என்று அங்கே எழுதியிருக்கிறது. பழக இடம் வேண்டும். வாசிக்கத் தெரிந்தவரே வாசித்து, பேசத் தெரிந்தவரே பேசினால் பழகுவது எப்படி? மாதம் இருமுறை, பத்துப் பதினைந்து பேர், ஒரு பகுதி, இரண்டு தரம் வாசிப்பு, பிறகு ஒரே கேள்வி: இது நம் கரையில் நடந்தால் எப்படி இருக்கும்? சாமியார் வந்தால் கடைசியில் உட்கார வேண்டும். நீங்களும்தான் டீச்சர்.

பேசாத இரண்டு குடும்பங்கள். அவர்களை மேடையேற்றிக் கைகொடுக்க வைக்காதீர்கள். ஒரு பெரிய வியாழனன்று இப்படிப் பகையாளிகள் இருவரைப் பாதம் கழுவ அடுத்தடுத்து உட்கார வைத்தேன். கால் ஈரம் காய்வதற்குள் இருவரும் கிளம்பிவிட்டார்கள், பகை இன்னும் இறுகியது. பிறகுதான் விசாரித்தேன், கிழிந்த வலைக்கு யார் எவ்வளவு தருவது என்று யாருமே பேசி முடிக்கவில்லை. சக்கேயு மனம் திரும்பினதும் முதலில் ரூபாய்க் கணக்குத்தான் சொன்னார், ஏமாற்றினதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று. வலைக்கு விலை பேசாமல் சமாதானம் பேசக் கூடாது. இரண்டு தரப்பும் மதிக்கிற, தொழில் தெரிந்த ஒரு பெரியவரை ஊர்க்கூட்டத்துக்கு வெளியே தனியாகப் பேசவிடுங்கள். எட்டு வருடத்துக்கு முந்தின வலையின் இன்றைய மதிப்பு என்ன என்று ஆரம்பிக்கட்டும். மன்னிப்பு அதற்குப் பின்னால் வரும், வராமலும் போகலாம்.

திருவிழாவோடு சண்டை போடாதீர்கள், அது ஊரின் மூச்சு. ஆனால் கணக்கு கேளுங்கள். நம் கரையில் பங்கு என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். டீசலும் ஐஸும் கழித்து மிச்சத்தைப் பிரிப்பதும் பங்கு, கோவிலைச் சேர்ந்த குடும்பங்கள் எல்லாம் சேர்ந்ததும் பங்கு. முதல் பங்கில் பத்து ரூபாய் குறைந்தால் சமையலுக்குப் போகிற சின்னப் பையன்கூடக் கேட்டுவிடுவான். இரண்டாவது பங்கில் கணக்கு வாசிக்கிறபோது எல்லோரும் செருப்பைத் தேடுகிறார்கள். வரவு செலவை அன்பியத்துக்கு ஒருவர் வந்து பார்க்கட்டும், அதில் பாதிப் பேர் பெண்களாக இருக்கட்டும். வீட்டில் அந்தப் பணத்தைச் சேர்த்துக் கொடுத்தவர்கள் அவர்கள்தானே.

ஜெபவீட்டுக்குப் போனவர்களைத் திட்ட வேண்டாம். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த ராத்திரி அவர்கள் வீட்டுக்கு யார் வந்தார்கள் என்று மட்டும் கேளுங்கள். பதில் நமக்குப் பிடிக்காது.

குடி பாவம் மட்டுமில்லை, நோயும்கூட. ஒப்புரவுக்கு (பாவசங்கீர்த்தனத்துக்கு) பிறகு சிகிச்சைக்கு அனுப்புங்கள். அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவைக் கேட்கலாம், குடியை விட்டவர்களே நடத்துகிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம் எங்கே நடக்கிறது என்று விசாரித்துவையுங்கள். அடி வாங்குகிற மனைவியிடம் சிலுவை என்று நினைத்துப் பொறுத்துக்கொள் என்று மட்டும் தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள். 181 என்ற பெண்கள் உதவி எண்ணைக் கோவில் அறிவிப்புப் பலகையில் எழுதுங்கள், நவநாள் நேரத்துக்குப் பக்கத்திலேயே.

கடைசியாக உங்களைப் பற்றி. 14 வருடமாக எல்லோருக்கும் ஊட்டுகிறீர்கள், உங்களுக்கு யார் ஊட்டுகிறார்கள் என்று கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. வருடத்தில் மூன்று நாள் உங்கள் ஊரில் இல்லாமல், வேறு எங்காவது போய் அமைதியாக இருந்துவிட்டு வாருங்கள். பாடல் குழுவை விட்டுவிடுங்கள். சுருதி விலகட்டும், ஆண்டவர் அதைவிட மோசமாகக் கேட்டிருக்கிறார்.

அப்புறம் அந்தச் சாவி. ஒழுங்காக வருகிறார்கள் என்று எழுதினீர்களே மூன்று பேர், அவர்களில் ஒருவரிடம் வருகிற ஞாயிறே அதைக் கொடுத்துவிடுங்கள். இன்னொரு சாவி செய்து நீங்கள் வைத்துக்கொள்ளக் கூடாது. ஏதாவது ஒரு ஞாயிறு அவன் தூங்கிவிடுவான், கதவு திறக்காது. சின்னப் பிள்ளைகள் வேப்பமரத்தடியில் மணலில் உட்கார்ந்து படிக்கட்டும். நீங்கள் வீட்டிலிருந்து ஓடிவர வேண்டாம்.